மல்லிக்கு நாளை ஆபரேஷன்

ஐந்து கிலோகூட இல்லாத பொமரேனியன் மல்லி. சின்ன உடம்பில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமாம். அதனால் ரொம்ப நேரம் பட்டினி போடாமல் காலையில் முதல் ஆளாக வந்துவிடச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ரத்தப் பரிசோதனை முடிந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பும் வாங்கியாயிற்று.

ஊர்தான் தயாராகவில்லை. "ஒரு ஈத்தாவது போடட்டுமே மேடம், பாவம்" என்கிறார் கீழ்வீட்டுக்காரர். 'கிராஸிங்'குக்கு ஆண்நாய் தருகிறேன், கூலியாக ஒரு குட்டி போதும் என்று ஒருவர் வந்தார். தாய்மை அனுபவிக்காத ஜீவனாகப் போய்விடும் என்று மாமியார் கண்கலங்கினார். ஒருமுறை ஈன்றால் பெட்டைநாய்க்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. கருப்பையில் சீழ்பிடித்துச் சாகும் நாய்கள்தான் உண்டு. கருப்பையை எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

என் இரண்டாவது பிரசவத்தில், சிசேரியன் மேஜையில் நான் கிடந்தபோது, "கையோட ஆபரேஷனையும் பண்ணிடுங்க" என்று வெளியே முடிவானது. என் தாய்மைக்காக அன்று யாரும் கண்கலங்கவில்லை. படிவத்தில் கணவரின் கையெழுத்து வாங்கினார்கள். அது தேவையே இல்லை என்று அரசின் வழிகாட்டு நெறிகள் சொல்வதை, தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான், பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆணுக்கான அறுவை இதைவிட எளிது. ஆனால் 'அவருக்கு வெயிட் தூக்க முடியாமப் போயிடும்' என்றார்கள். வங்கியில் அவர் தூக்குவது பேனா.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில் 83 பெண்களை அறுத்துத் தைத்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் சொல்ல 2016 ஆக வேண்டியிருந்தது. மல்லிக்கு நாளை தனி மேஜை, தனி நேரம்.

மல்லியின் படிவத்தில் 'உரிமையாளர்' என்று அச்சிட்ட இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். பேனா கொஞ்சம் தயங்கியது, மறைக்கவில்லை. அவளிடம் கேட்க எனக்கு வழியில்லை. என்னிடம் கேட்க எல்லோருக்கும் வழியிருந்தது. நான் மயக்கத்தில்கூட இல்லை, இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது.

நாளை அவர் லீவு போட்டிருக்கிறார். பாவம், மல்லி பயந்துபோகுமாம். ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது. பதினாறு வருடம் பழையது.