எந்தக் காற்றாடி வாங்கலாம்?

காற்றாடி வாங்கப் போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிறம், அளவு... அப்படித்தானே? முதலில் நூலைப் பாருங்கள்!

அறுந்த காற்றாடியின் மாஞ்சா நூல் சாலையின் குறுக்கே தொங்கும். மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணுக்குத் தெரியாது, கழுத்தை அறுத்துவிடும். 2019ல் சென்னையில் அப்பாவுடன் வண்டியில் சென்ற மூன்று வயதுக் குழந்தை இப்படித்தான் இறந்தது. நைலான் நூல் இன்னும் மோசம். எளிதில் அறாது, மக்கவும் மக்காது. மரத்தில் தொங்கி, காகம், புறாக்களின் சிறகில் சிக்கும்.

நைலான் மாஞ்சாவை 2017ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. 2023ல் தமிழக அரசு, கண்ணாடித் தூள் தடவிய பருத்தி நூலுக்கும் தடை போட்டது. எதுவும் தடவாத பருத்தி நூலுக்கு மட்டும்தான் அனுமதி.

சரி, அந்த நூலுக்கு எந்தக் காற்றாடி பொருந்தும்? பெரியது வேண்டாம், அதன் இழுப்பை நூல் தாங்காது. வாலில்லாத சதுரக் காற்றாடி, 'டீல்' போடுவதற்கென்றே உள்ளது. சட்டென்று திரும்பும், பாயும். மெல்லிய தாளும் மூங்கில் குச்சியும் கொண்ட சிறிய வால் காற்றாடியே நல்லது. வால் ஆட்டத்தை அடக்கும். காற்றாடி உயரத்தில் அமைதியாக நிற்கும்.

தடை இருந்தும் மாஞ்சா விற்கிறார்களே என்கிறீர்களா? வாங்க ஆள் இருக்கிறதே! கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே வேற நூல் இருக்கு, வேணுமா?" என்றால், அது எந்த நூல் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.