எண்ணப்படாத மாணாக்கர்

கணிதம், விஞ்ஞானம் முதலிய பாடங்களிற் பெற்ற புள்ளிகொண்டு நாடுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பதினைந்து வயதினரைச் சோதிக்கும் ‘பிசா’ப் பரீட்சை இவ்வகையிற் பெயர்பெற்றது.

2012இல் வியட்நாம் முதன்முறையாக அதிற் கலந்துகொண்டு, கணிதத்தில் 511 புள்ளி பெற்றது. ஐக்கிய அமெரிக்கா பெற்றதோ 481. செல்வநாட்டை வறியநாடு வென்றதென வியந்தோர் பலர். வியப்புக்கு இடமுண்டு, ஆங்கு வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் செவ்வனே கற்றிருந்தனர் என்பதை யாம் மறுக்கோம். ஆயின், அந்நாட்டின் பதினைந்து வயதினருள் அப்பரீட்சையின் கணக்குக்குள் வந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 56 பேரே. எஞ்சியோருட் பெரும்பாலார் பள்ளியை விட்டு நீங்கியோரும் கீழ்வகுப்பிலே தங்கிவிட்டோருமாவர். வயலுக்கோ கடைக்கோ சென்றுவிட்ட சிறாரின் கணித அறிவு 511 என்னும் எண்ணில் எவ்விடத்தும் இல்லை. (தேறமாட்டாரைப் பரீட்சைக்கு அனுப்பாது நிறுத்திவிட்டு, ‘நூற்றுக்கு நூறு’ எனப் பறைசாற்றும் பாடசாலைகளை நாம் அறியோமா?)

ஆதலின், ஒரு நாட்டின் புள்ளியை வெளியிடுவோர் அதனருகே, அதே அளவான எழுத்தில், எண்ணப்படாதோர் வீதத்தையும் அச்சிடுதல் வேண்டும். அறிக்கையின் பின்னிணைப்பில் அவ்விவரம் உளதே என்பர். பின்னிணைப்பைப் படிக்கும் கல்வி அமைச்சர் எத்துணைப் பேர்?