சைலன்சரும் சிக்கனமும்: ஒரு மறுப்பு

எரிபொருட் சிக்கனத்தின் பெயரால் எம்மவரிடையே வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். காரின் புகைக்குழாயிற் பொருத்தப்பட்டுள்ள சைலன்சரைக் கழற்றி, அதன் உள்ளிருக்கும் தட்டுக்களை வெட்டி எறிந்துவிட்டோ, பின்புறத்திற் சில துளைகளை இட்டோ மீளப் பொருத்தினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்றும், அதனாற் பெற்றோல் மிச்சமாகும் என்றும் கூறப்படுகின்றது. கூறுவோர் விபரமறியாதவர்கள் அல்லர். முப்பது ஆண்டுகள் கராச்சிலே கை கறுத்தவர்களும், அவர்களை நம்பும் ஆசிரியப் பெருமக்களும், எமது விடுதிகளில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களும் அவர்களுள் அடங்குவர். கலைப்பீடத்து மாணவன் ஒருவன் எஞ்சினைப் பற்றி எழுத முற்படுவதேன் என்ற வினா இங்கு எழலாம். அதற்கு இறுதியில் வருவேன்.

இந்நம்பிக்கை எமது நாட்டிற் செழித்த காலம் 2022. 2021 திசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக உயர்த்தப்பட்ட 92 ஒக்ரேன் பெற்றோல், 2022 மே 24இல் 420 ரூபாவாகவும், யூன் 26இல் 470 ரூபாவாகவும் ஏறியது. நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. வரிசையில் நின்றவாறே உயிர் நீத்தோரும் உளர். யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. யூலையில் கியூ. ஆர். அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்து வழங்கப்பட்டது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதியும் தடைப்பட்டிருந்தமையால், இருக்கும் பழைய வண்டியையே எவ்வாறாயினும் ஓட்டியாக வேண்டிய நிலை. நாட்டின் அந்நியச் செலாவணியைக் கரைத்தவர் எவரோ. அதன் சுமையை இறக்கிவைக்க வழி தேடி இரும்பரியும் வாளுடன் வீட்டு முற்றத்திற் குந்தியவர்கள் எமது தந்தையரும் மாமன்மாரும். அவர்களை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று.

அவ்வாறு குந்தியவர்களுள் எனது மாமாவும் ஒருவர். வாடகைக்கு ஓடும் பழைய யப்பானியக் கார் ஒன்றே அவருடைய சீவனோபாயம். 2022 செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அயலிலுள்ள கராச்காரர் ஒருவரின் ஆலோசனைப்படி சைலன்சரைக் கழற்றி, முனையை அரிந்து, உள்ளிருந்த தட்டுக்களையும் கண்ணாடி நாரையும் இழுத்தெடுத்துவிட்டு, வெறுங்குழாயாகவே பூட்டினார். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். அவரைக் குறைகூறும் உரிமை ஆகையால் எனக்கு இல்லை. அந்தச் செயலை நியாயப்படுத்த அவர் கூறிய வாசகமொன்றைத்தான் நான் மறுக்கின்றேன். "தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில கார் ஓட்டின ஆக்களடா நாங்கள். எங்களுக்கு எஞ்சின் தெரியாதோ?" என்றார் அவர்.

இவ்வாசகம் மாமாவுக்கு மட்டும் உரியதன்று. குடாநாட்டின் எந்தக் கராச்சிலும் இதனைக் கேட்கலாம். எனவே அதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் டீசலும் வரவில்லை. அக்காலத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பது எமது பெற்றோரின் தலைமுறை கண்ணாற் கண்ட உண்மை. அது மாயமன்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனாற் கிளப்ப இயலாது. எங்கிருந்தோ அரிதிற் பெற்ற பெற்றோலிற் சில துளிகளை ஊற்றி எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். மேலும், மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது முற்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும் இயல்புடையது. ஐம்பதுகளில் உருவான அப்பழைய எஞ்சின்களோ குறைந்த அமுக்க விகிதம் கொண்டவை. அதனாலேயே அவை தாங்கின. இங்கிலாந்தில் ஒரு காலத்திற் பேர்குசன் உழவு இயந்திரங்களும் இதே முறையிற் பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் உழுதன. ஆகவே எமது கைவினைஞர் செய்தது இயற்கை விதிக்கு இணங்கிய செயல். அதற்கு உடனடிப் பரீட்சையும் இருந்தது: பிழையாகச் செய்தால் வண்டி நகராது. பிழைகள் அன்றன்றே கழிந்தன, சரியானவை நிலைத்தன.

சைலன்சரை வெட்டுவதற்கு இத்தகைய பரீட்சை எதுவும் இல்லை. வெட்டினாலும் வண்டி ஓடும், வெட்டாவிட்டாலும் ஓடும். மாறுவது ஓசை ஒன்றே. அந்த ஓசையையே எம்மவர் சான்றாகக் கொண்டனர். உறுமல் பெருத்ததும் வலு பெருத்தது என்றும், வலு பெருத்ததும் எரிபொருள் மிஞ்சிற்று என்றும் முடிவு செய்தனர். தடைக்காலத்தின் புகழை இவ்வாறு கடன்வாங்கித் தமது ஊகத்துக்குப் போர்த்துவோர், அக்காலத்து மெய்யான சாதனையை மலினப்படுத்துகின்றனர் என்பேன்.

சைலன்சர் என்பது யாது? 1897இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த றீவ்ஸ் சகோதரர்கள் இதற்கு ஆக்கவுரிமை பெற்றனர். துளையிட்ட குழாய்களும் சிறு அறைகளும் குறுக்குத் தட்டுக்களும் கொண்ட பெட்டி அது. எஞ்சினிலிருந்து விட்டுவிட்டு வெளியேறும் வாயு, அழுத்த அலைகளாக வந்து அவ்வறைகளில் மோதித் திரும்பி, ஒன்றையொன்று தணித்து, அமைதியடைந்து வெளியேறுகின்றது. இவ்வளைவு நெளிவுகள் வாயுவின் ஓட்டத்துக்குச் சிறிது தடையாக அமைவது உண்மையே. எதிர்க்கட்சியாரின் வாதத்திலுள்ள ஒரே மெய் இதுதான். அதனை ஒளிக்காது ஒப்புக்கொள்வோம். பந்தயக் கார்கள் வெறுங்குழாய் கொண்டு ஓடுவதும் இக்காரணத்தாலேயே.

ஆனால் எத்தகைய ஓட்டத்தில் இத்தடை பொருட்படுத்தத் தக்கதாகின்றது? தடையழுத்தம் ஏறத்தாழ ஓட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவது. வாயுவின் ஓட்டம் நாலிலொன்றாகக் குறைந்தால், தடை பதினாறிலொன்றாகக் குறையும். பந்தயக்காரன் அக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி ஓடுகின்றான். அவனுடைய எஞ்சின் கக்கும் வாயு பெருவெள்ளம். எமது மாமாவோ பலாலி வீதியில் மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றரில், எஞ்சினின் முழு வலுவில் ஒரு சிறு பங்கைக் கொண்டே செல்கின்றார். அவருடைய புகைக்குழாயிற் செல்வது வாய்க்கால் நீர். வாய்க்கால் நீருக்கு மதகை அகலப்படுத்துவதால் ஆவதென்ன?

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. மெதுவாகச் செல்லும் பெற்றோல் எஞ்சின் மெய்யாகவே மூச்சுத் திணறுவது வெளிவிடும் வாயிலில் அன்று, உள்ளிழுக்கும் வாயிலில். காபரேற்றரின் வாயிலில் உள்ள சிறு தகட்டுக் கதவை, நாம் அக்சிலேற்றரிலிருந்து காலைத் தளர்த்தும்போதெல்லாம் நாமே மூடுகின்றோம். எஞ்சின் அந்த இடுக்கினூடாகக் காற்றை உறிஞ்சப் பாடுபடுகின்றது. சாதாரண ஓட்டத்தில் இவ்விழப்புடன் ஒப்பிட்டால் சைலன்சரின் தடை கணக்கில் எடுக்கத்தக்கதன்று. பெற்றோல் தரும் வெப்பத்திற் பெரும்பகுதி புகையோடும் குளிர்த்தும் நீரோடும் வெளியேறிவிட, கால்வாசி அல்லது சற்று மேலான பங்கே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. இப்பெருநட்டத்தைப் பின்குழாயில் நாலு துளை போட்டு மீட்கலாம் என எண்ணுவது, ஓட்டைக் கூரையின் கீழிருந்துகொண்டு முற்றத்து நீரைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

பழைய மோட்டார் சைக்கிள்களின் இருவீச்சு எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புகைக்குழாய் வெறும் கழிவு வாயிலன்று. விரிந்து சுருங்கும் அதன் வடிவம், வெளியேறும் அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, எரியாது தப்பியோடும் புதிய பெற்றோற் கலவையை மீளவும் உள்ளே தள்ளுகின்றது. ஐம்பதுகளிற் கிழக்கு யேர்மனியின் எம். இசற். தொழிற்சாலையில் வால்ற்றர் காடன் என்னும் பொறியியலாளர் இவ்வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். அந்நிறுவனத்தின் ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் 1961இற் சுவீடன் பந்தயத்தின்போது மேற்குலகுக்குத் தப்பியோடி, அந்த நுட்பத்தைச் சுசுக்கி நிறுவனத்துக்குக் கொண்டுசென்றார் என்பது மோட்டார் பந்தய வரலாற்றிற் பிரசித்தமானது. ஒரு குழாயின் வடிவத்துக்காக ஒருவர் நாட்டையே துறந்து போயிருக்க, நாம் அதனை இரும்பரி வாளால் ஒரு பிற்பகலிற் திருத்திவிடுகின்றோம்!

புதிய கார்களிலோ புகைக்குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணரி உண்டு. எரிபொருளின் அளவு அதன் சொற்கேட்டே தீர்மானிக்கப்படுகின்றது. அவ்வுணரிக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு வெடிப்போ துளையோ ஏற்பட்டால் வெளிக்காற்று உட்புகும். ஒட்சிசன் மிகையென உணரி தவறாக அறிவிக்க, கணினி கூடுதலாகப் பெற்றோலைச் சொரியும். சிக்கனம் தேடிச் செலவைப் பெருக்கும் வழி இதுவே. 'அடைக்கிறது' என்று கூறி ஊக்கி மாற்றியைக் கழற்றச் சொல்வோரும் உளர். அதனுள்ளே பிளாற்றினம், பலேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதையும், கழற்றியது எவர் கைக்குப் போகின்றது என்பதையும் வாசகர் தாமே சிந்திக்கட்டும்.

இனி எனது சான்றுக்கு வருவேன். ஒருவிதத்தில், கியூ. ஆர். அட்டை எமக்கு ஓர் ஆய்வுகூடத்தையே தந்தது. வாரந்தோறும் சரியாக இருபது லீற்றர். எத்தனை கிலோமீற்றர் ஓடிற்று எனக் குறித்துக்கொண்டால் போதும். மாமாவின் காரில் நான் அவ்வாறு குறித்து வந்தேன். ஓகஸ்ற் மாதத்து நான்கு வாரங்களின் சராசரி லீற்றருக்கு 11.4 கிலோமீற்றர். சைலன்சரை வெட்டிய முதல் வாரம் 12.1. வீட்டிற் கொண்டாட்டம்; கராச்காரருக்குப் பலகாரமும் போயிற்று. இரண்டாம் வாரம் 11.3. மூன்றாம் வாரம் 11.0. நான்காம் வாரம் 10.9.

முதல் வாரம் கூடியது எவ்வாறு? நெடுநாள் யோசித்த பின்னரே விளங்கிற்று. அந்த வாரம் மாமாவுக்கு வெட்கம். ஆசுபத்திரி வீதியாலும் கோயில் வீதியாலும் போகும்போது சத்தம் கேட்டுச் சனங்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று பெருவிரலால் தடவுவதுபோல அக்சிலேற்றரை மிதித்திருக்கின்றார். மிச்சம் பிடித்தது அவருடைய கால். பெயர் வாங்கியது குழாய். பின்னர் வெட்கம் பழகிவிட்டது, உறுமலில் ஒரு சுவையும் பிறந்துவிட்டது, காலும் கனத்தது. எரிபொருள் முள்ளைப் பார்த்துக் குறித்த கணக்கு ஆதலால் இதிற் பிழை இருக்கலாம். ஒரு காரின் கணக்கு ஊருக்கே விதியாகாது என்பதும் தெரியும். ஆயினும் எதிர்க்கட்சியாரிடம் இவ்வளவு கணக்குத்தானும் உண்டா? நான் கேட்ட எவரும் ஒரு வாரத்துக்கு மேல் அளந்தவர் அல்லர். எல்லோரும் அளந்தது முதல் வாரம்!

இலாபம் இல்லை என்றாவது விட்டுவிடலாம். நட்டத்தை யார் சுமக்கின்றனர் என்பதே எனக்கு உறுத்தலாக உள்ளது. அம்மம்மா அப்பொழுது இருதய நோயாளி. விடியற்காலை நான்கரைக்கு மாமா வாடகைக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். அயல்வீட்டுக் கைக்குழந்தை அழத் தொடங்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலுபேர். எவரும் முறைப்பாடு செய்யவில்லை. 'அதுகளும் உழைக்கத்தானே வேணும்' என்று பொறுத்தார்கள். அப்பொறுமையைத்தான் எம்மவர் சிக்கனம் என்று பெயரிட்டு அழைக்கின்றனர். அன்றியும், வாகனத்தின் அடியிலே துளைத்த குழாயிலிருந்து கசியும் காபனோரொட்சைட்டு தளத்தின் இடுக்குகளால் உள்ளே ஏறவல்லது. நிறமோ மணமோ அற்ற அவ்வாயு, குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்களவு இறுக்கமாகப் பிணையும். பின்னிருக்கையில் தூங்கும் குழந்தைக்கு அதனை எச்சரிக்க எந்த உறுமலும் இல்லை.

மெய்யாகவே பெற்றோலை மிச்சப்படுத்தும் காரியங்கள் உண்டு. ரயரிற் காற்றைச் சரியாக வைத்தல், அடைபட்ட காற்றுவடியைத் துப்புரவாக்கல், உரசிக்கொண்டிருக்கும் பிரேக்கைத் தளர்த்தல், நிற்கும்போது எஞ்சினை நிறுத்தல். இவற்றில் ஓசை இல்லை. ஆதலால் இவற்றுக்கு மதிப்பும் இல்லை.

கலைப்பீடத்தான் இதை ஏன் எழுதவேண்டும் என்ற வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். பொறியியல் படிக்கும் நண்பர்கள் இருவரிடம் இதனை எழுதித் தருமாறு முதலிற் கேட்டேன். ஒருவர் சிரித்தார்: "உது தெரிந்த விசயம்தானே." மற்றவர், தமிழில் எழுதினாற் சொற்கள் வராது என்றார். தெரிந்த விசயம் என்றால் யாருக்குத் தெரிந்தது? மாமாவுக்குத் தெரியவில்லை, கராச்காரருக்குத் தெரியவில்லை. சொற்கள் வராது என்பதோ வரலாறு அறியாதார் கூற்று. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்றுக்குச் சொற்கள் கிடைத்த மொழியில் ஒரு தகரப் பெட்டிக்குக் கிடையாவோ? அறிந்தோர் வாய்திறவாத இடத்தில் கராச்சின் ஊகமே அறிவாகின்றது. கராச்காரரை மூடர் என்று விடுதியில் இருந்து நகைப்பவர்களுக்கு, அவர் நம்பும் பொய்யிற் சரிபாதி உடைமை.

மாமா அந்த ஆண்டு நவம்பரில், பழைய இரும்புக் கடையொன்றில் வாங்கிய சைலன்சர் ஒன்றை வெல்டிங் செய்து பூட்டினார். நான்கு வாரச் சராசரி மீண்டும் 11.4. அக்குறிப்பேடு என்னிடம் உண்டு. மறுக்க விரும்புவோர், முதல் வாரத்தோடு நிறுத்தாத தமது குறிப்பேட்டுடன் வருவார்களாக.