மரம் நடுவதற்கு முன் தீயை நிறுத்துங்கள்

சுற்றாடல் தினம் வந்தால் மட்டக்களப்பில் மரக்கன்று நடுவது ஒரு சடங்காகிவிட்டது. அதிகாரிகள் வருகிறார்கள், பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், படம் பிடிக்கப்படுகிறது, மறுநாள் பத்திரிகையில் செய்தி வெளியாகிறது. அத்தகைய செய்திகளை எழுதியும் செம்மைப்படுத்தியும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டும். யூன் 5ஆம் திகதி உலகத்துக்குச் சுற்றாடல் தினம். கிழக்கிலங்கைக்கு அது கச்சான் காற்று வீசும் கோடையின் தொடக்கம். அன்று நடப்படும் கன்று முதல் மாரியைக் காண நான்கைந்து மாதங்கள் காத்திருக்கவேண்டும். அந்த மாதங்களில்தான் வாவிக்கு மேற்கே காட்டில் தீ எரிகிறது.

எந்தக் காடு என்று புலம்பெயர்ந்த வாசகர்கள் கேட்கக்கூடும். வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. படுவான்கரையின் வயல்களையும் குளங்களையும் கடந்து மேற்கே சென்றால், குடும்பிமலையைச் சூழ்ந்தும் வடக்கே வாகரை வரையிலும் உலர்வலயக் காடு தொடங்குகிறது. பாலை, முதிரை, வீரை, கருங்காலி என்பன அதன் மூத்த குடிகள். தமிழ்நாட்டார் முதிரையைப் பொரசு என்பர். எங்கள் பாலையை உலக்கைப்பாலை என்பர். எல்லாம் வைரம் பாய்ந்த மரங்கள், மெதுவாக வளர்பவை. மட்டக்களப்புக் காடுகளில் முதிரை நிறைந்திருந்ததை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் தெனன்ற் எழுதிவைத்தார். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833இல் ஆங்கிலேயர் அமைத்த 205 அடிப் பாலம் முற்றாக முதிரை மரத்தாலானது. இன்று அந்த அளவு முதிரையைத் தேடுவது எளிதல்ல.

இக்காட்டின் தீக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கே மின்னலால் பற்றும் தீ அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதர் மூட்டியதே. சேனைப் பயிர்ச்செய்கையாளர் காட்டை வெட்டி எரித்துச் சோளமும் குரக்கனும் விதைத்தனர். ஓரிரு போகம் முடிந்ததும் நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாக விட்டனர். காடு திரும்ப வந்தது. பட்டிக்காரர் முற்றிய புல்லைக் கொளுத்தினர், இளம்புல் துளிர்த்தது. அம்பாறைக்கும் பிபிலைக்கும் இடையே கடுக்காய், தான்றி, நெல்லி, வேங்கை நிற்கும் புல்வெளிக் காடுகளைப் பேணிவந்ததும் அடிக்கடி மூட்டப்பட்ட தீயே என்பது சூழலியலாளர் பலரின் கருத்து. ஆகவே தீயெல்லாம் தீமை என்று முடிவு கட்டுவது வரலாற்றை அறியாதவர் பேச்சு.

மாறியது தீயின் வேகமும் அது திரும்பி வரும் இடைவெளியுமே. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்திலேயே இருந்தது. அத்திட்டத்தால் பெருங்காடு அழிந்தது. 1978 நவம்பர் சூறாவளி பெருமரங்களைச் சாய்த்தது. போர்க்காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டி வீதியோரக் காடுகள் வெட்டப்பட்டன. நிழல் போன இடத்தில் இலுக்கும், 19ஆம் நூற்றாண்டில் ஆபிரிக்காவிலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கினிப்புல்லும் ஏறின. மூடிய காட்டுக்குள் தீ எளிதில் நுழையாது. உள்ளே ஈரம் உண்டு. ஆளுயரக் காய்ந்த புல்லுக்கோ ஒரு தீக்குச்சி போதும். தீ காட்டின் ஓரத்தைச் சுடுகிறது. சுட்ட ஓரத்தில் மேலும் புல் முளைக்கிறது. அடுத்த ஆண்டு தீ இன்னும் உள்ளே போகிறது. முழங்கால் உயரத்துக்கு வந்த பாலைக்கன்று ஒவ்வொரு கோடையிலும் கருகினால் அது மரமாவது எப்போது?

இதற்குத் தேக்கு மருந்தல்ல. ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த மரம் அது. கோடையில் அகன்ற இலைகளை உதிர்த்து நிலத்தில் விறகு பரப்புகிறது. தீயை ஓரளவு தாங்கித் தான் மட்டும் நிற்கிறது. பாலைப்பழம் தின்னவரும் கரடிக்கும் குரங்குக்கும் தேக்கந்தோட்டத்தில் உணவில்லை. அதற்குப் பெயர் மரத்தோட்டம். காடு என்பது வேறு.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துரை சாம் பொப்ஹாம் 1963இல் தம்புள்ளையில் ஒரு பற்றைக்காட்டை வாங்கினார். முதலில் கன்றுகளை நட்டார், பலன் கிட்டவில்லை. பின்பு பற்றைகளை வெட்டி, தானாக முளைத்துத் தவித்துக்கொண்டிருந்த காட்டுக்கன்றுகளுக்கு ஒளியும் இடமும் கொடுத்தார். அவை எழுந்து காடாயின. மத்திய அமெரிக்காவின் கொஸ்தா ரிக்காவில் டானியல் ஜான்சன் என்ற சூழலியலாளர் 1980களில் குவனகாஸ்தே உலர்காட்டை மீட்க எடுத்த முதல் நடவடிக்கையும் தீயை நிறுத்தியதே. அங்கும் ஆபிரிக்கப் புல்தான் எதிரி. உள்ளூர் மக்களையே தீக்காவலராகச் சம்பளத்துக்கு அமர்த்தினார். தொடக்க ஆண்டுகளில் புல்லைக் குறைக்க மாடுகளையும் மேயவிட்டார். வயலாயிருந்த நிலத்தில் இன்று காடு நிற்கிறது.

இதில் நமக்குப் பெரும் பாடம் உண்டு. முதிரை அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் துளிர்க்கும். அதன் சிறகுள்ள விதையைக் காற்று சுமக்கும். பாலை விதையை விலங்கும் பறவையும் சுமக்கும். தாய்மரங்கள் அருகில் நிற்கும்வரை நடுகையின் பெரும்பகுதியை இயற்கையே செய்துவிடும். நாம் தரவேண்டியது தீயற்ற பத்துப் பதினைந்து ஆண்டுகள். தாய்மரம் இல்லாத இடத்தில் மட்டும், மாரி தொடங்கிய பின், உள்ளூர் இனங்களை நட்டால் போதும்.

ஆனால் தீயை நிறுத்துவது நில அரசியலைத் தொடாமல் ஆகாது. எரித்த நிலத்தில் பயிரிட்டவன் நாளை அதற்கு உரிமை கோரலாம் என்ற நம்பிக்கை இருக்கும்வரை காடு எரியும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைகளில் அத்துமீறிய பயிர்ச்செய்கையை நிறுத்தக் கோரிப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மேய்ச்சல்தரை சுருங்கினால் மாடுகள் காட்டுக்குள் தள்ளப்படும். புல்லுக்காக மூட்டும் தீயும் கூடவே போகும். பட்டிக்காரரின் உரிமையும் காட்டின் உயிரும் ஒன்றுக்கொன்று பகை என்று காட்டுவோர், இரண்டையும் இழக்கச் செய்வர்.

ஆகவே வன பரிபாலனத் திணைக்களத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்லக்கூடியது இதுதான். மேய்ச்சல்தரைகளை எல்லையிட்டுச் சட்டப்படி வர்த்தமானியில் அறிவியுங்கள். காட்டோரத்தில் மே மாதத்துக்கு முன் தீத்தடுப்புப் பாதைகளை வெட்டுங்கள். பட்டிக்காரரையும், தேன் எடுக்கவும் பாலைப்பழம் பறிக்கவும் செல்லும் வாகரை வேடர் சமூகத்தவரையும் கோடைக்காலத் தீக்காவலராக ஊதியத்துடன் அமர்த்துங்கள். காட்டை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை. எரிந்த நிலத்துக்கு எவருக்கும், எந்த இனத்தவருக்கும், அனுமதிப்பத்திரம் வழங்காதீர்கள்.

இது காட்டுக்காக மட்டும் கேட்பதன்று. முந்தனை ஆறு உள்ளிட்ட ஆறுகள் படுவான்கரையின் மண்ணைச் சுமந்து வாவியில் சேர்க்கின்றன. மேற்கே காடு கருகினால் கிழக்கே வாவி தூர்ந்துபோகும். வாவியை நம்பிய மீனவரின் வலையும் வெறுமையாகும். சுற்றாடல் தினத்தில் கன்று நடுவோர் நடட்டும். அடுத்த முறை செய்தி எழுதும் இளம் நிருபர்கள் ஒரு கேள்வியையாவது கேட்கவேண்டும்: சென்ற ஆண்டு நட்ட கன்று எங்கே?