"அடுத்து என்ன படிக்கப் போறீங்க?" - பதில் தெரியாவிட்டால் என்ன செய்யலாம்?

தீபாவளி நேரம். தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள். அம்மாவுக்குத் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் எதிரே வருகிறார். நலம் விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி: "அடுத்து என்னம்மா படிக்கப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல ஆன்ட்டி" என்று சொல்லத் தயக்கம். வாயில் வந்த ஒரு துறையைச் சொல்லித் தப்பித்துவிடுவோம்.

சிக்கல் என்னவென்றால், விண்ணப்பத்திலும் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உடனே முடிவெடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் வாங்கச் சில வழிகள் இருக்கின்றன.

• பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குப் பொது நுழைவுத் திட்டங்கள் உண்டு. முதலில் அடிப்படைப் பாடங்கள். எந்தப் பட்டயப் படிப்பு என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

• சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரி 2021இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கு எல்லாருக்கும் பொதுவான பாடங்கள் உண்டு. சேரும்போதே முதன்மைப் பாடத்தை உறுதி செய்யவேண்டிய அவசியம் இல்லை.

• தொடக்கக் கல்லூரியில் 2 ஆண்டு கிடைக்கும். ஆனால் அங்கே எடுக்கும் பாடங்களே சில கதவுகளை மூடிவிடலாம். வேதியியலை விட்டுவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு ஆசைப்பட்டால் சிரமம்.

பொதுத் திட்டத்தில் சேரும் முன்னர் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிறகு விரும்பும் பிரிவு நிச்சயம் கிடைக்குமா, மதிப்பெண்ணைப் பொறுத்ததா?

வெட்டுப்புள்ளி எதைச் சொல்கிறது?

சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்ததும் கூட்டுச் சேர்க்கை நடவடிக்கையில் 12 தெரிவுகள் வரை குறிப்பிடலாம். அப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு: "10 புள்ளி வந்திருக்கு. அதை வச்சு 20 புள்ளி கோர்ஸுக்கா போற? வேஸ்ட்!"

புள்ளி என்ன, செலவு செய்தே தீரவேண்டிய பற்றுச்சீட்டா?

வெட்டுப்புள்ளி என்பது சென்ற ஆண்டு அந்தப் படிப்பில் கடைசியாக இடம் பிடித்த மாணவரின் புள்ளி. இடங்கள் எத்தனை, கேட்டு வந்தோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அது மாறும். படிப்பின் தரத்தையோ அது உங்களுக்குப் பொருந்துமா என்பதையோ அது சொல்லாது.

சம்பளத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமா?

பார்க்கலாம். வீட்டுச் சூழலால் சம்பளம் முக்கியம் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த எண்ணைப் புரிந்துகொண்டு பாருங்கள்.

நான்கு பல்கலைக்கழகங்களின் 2024ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் பற்றிய ஆய்வில், முழுநேர நிரந்தர வேலையில் இருந்தோரின் இடைநிலைச் சம்பளம் 4,500 வெள்ளி. முந்திய ஆண்டு அது 4,313 வெள்ளி. சம்பளம் கூடியது. ஆனால் அத்தகைய வேலை கிடைத்தோர் விகிதம் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 விழுக்காட்டுக்குக் குறைந்தது. ஓராண்டிலேயே இவ்வளவு மாற்றம்.

இன்று பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரும் ஓர் இளையரை எடுத்துக்கொள்வோம். அங்கே 3 ஆண்டு, தேசியச் சேவை 2 ஆண்டு, பல்கலைக்கழகம் 3 அல்லது 4 ஆண்டு. அவர் வேலை தேடும்போது 8, 9 ஆண்டு ஓடியிருக்கும். இன்றைய பட்டியல் இன்றைய சந்தையைத்தான் காட்டும்.

அப்படியானால் எப்படித்தான் தேர்வு செய்வது?

1. வேண்டாதவற்றை முதலில் அடியுங்கள். மூன்று துறை மிஞ்சினால் போதும்.

2. படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். பாடப் பட்டியலைப் பாருங்கள். உளவியல் என்றால் மனிதர்களைப் பற்றிப் பேசுவது மட்டும்தான் என்று நினைத்துச் சேர்பவருக்கு, அங்கே புள்ளியியல் காத்திருக்கும்.

3. பொது வரவேற்பு நாளுக்குப் போனால், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து "எந்தப் பாடம் போரடிக்குது?" என்று கேளுங்கள். அந்தச் சலிப்பை உங்களால் தாங்க முடியுமா என்று யோசியுங்கள்.

4. பள்ளியில் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைச் சந்தியுங்கள். பணம்தான் தடை என்றால், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டாவிடம் உதவிநிதி பற்றி விசாரிக்கலாம்.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்?

மாறலாம். ஆனால் இலவசமாக இல்லை. ஓராண்டு போகலாம். அரசாங்கத்தின் கட்டண மானியம் வரம்பில்லாமல் கிடைக்காது. மாறும் முன்னர் மானியம் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்தால், மூன்றாம் ஆண்டைவிட முதல் ஆண்டில் மாறுவது மலிவு.

ஒரே சான்றிதழ் வாழ்நாள் முழுதும் போதும் என்று அரசாங்கமும் கருதவில்லை. அதனால்தான் 25 வயதிலிருந்து 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை. 2024இலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி.

ஆக, முடிவு எடுக்காமல் இருப்பது தவறில்லை. எதையும் தேடிப் பார்க்காமல் இருப்பதுதான் தவறு.

அடுத்த முறை ஆன்ட்டி கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்: "மூணு துறை மனசுல இருக்கு ஆன்ட்டி. ரெண்டைப் பத்தி விசாரிச்சுட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது மூணாவதுல இருக்காங்களா?"