க்ரீன் டீ ஏன் கசக்கிறது? - ப்ளெயின் முதல் மல்லிகை வரை ஒரு ருசி ரவுண்ட்

ருசி மேசை

பெரும்பாலான வீடுகளுக்கு க்ரீன் டீ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடுதான் வந்து சேர்கிறது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியிருக்கும், எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கும், 'பால் டீயை நிறுத்திட்டு இதைக் குடிங்க' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த மாத மளிகையோடு ஒரு டப்பா வரும். தளதளவெனக் கொதிக்கிற தண்ணீரில் டீ பேக்கைப் போட்டு, பேப்பர் படித்து முடிக்கும்வரை அப்படியே ஊறவிட்டு, எடுத்து வாயில் வைத்தால்... கஷாயம்! நாலு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். ஐந்தாம் நாள் ஃபில்டர் காபி திரும்பி வந்துவிடும். டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

அந்த டப்பாதான் இந்த வாரம் மேசைக்கு வருகிறது. கூடவே அதன் உறவுக்காரர்களும்.

கசப்பு வேறு, துவர்ப்பு வேறு

டீயை ருசி பார்ப்பதற்கென்றே உலக அளவில் ஒரு விதிமுறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ 3103 என்று பெயர். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் நீர், 6 நிமிடம். இதே வகையிலான பிரிட்டிஷ் விதிமுறைக்கு, ஒரு கப் டீ போட ஆறு பக்கமா என்று 1999-ல் இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். ஆனால் அதில் ஒரு தொழில் ரகசியம் இருக்கிறது. ரசித்துக் குடிப்பதற்காக வந்த முறை இல்லை அது. எல்லா இலையையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி, அதன் குறைகளை வெளியே இழுத்துப் போடுவதற்காக வந்தது. டீ டேஸ்டர்கள் அதை ஸ்பூனில் 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, பிறகு துப்பிவிடுவார்கள். நம் வீடுகளில் க்ரீன் டீயைக் கிட்டத்தட்ட அதே முறையில்தான் போடுகிறோம். துப்பாமல் விழுங்குகிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

க்ரீன் டீயைப் பற்றிப் பேச தமிழில் ஒரு வசதி உண்டு. அறுசுவையில் கசப்பையும் துவர்ப்பையும் நாம் முதலிலேயே பிரித்து வைத்துவிட்டோம். பாகற்காய் கசப்பு. நெல்லிக்காயும் வாழைப்பூவும் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அது துவர்ப்பு. நல்ல க்ரீன் டீயில் லேசான துவர்ப்பு இருக்கத்தான் வேண்டும். அது இல்லையென்றால் வெந்நீர். கசப்பு முன்னால் வந்து நின்றால் மட்டும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கசப்பில் காஃபீனுக்கும் பங்கு உண்டு. துவர்ப்பு, கேட்டச்சின்கள் என்ற பொருள்களிலிருந்து வருகிறது. இவை இரண்டையும் தவிர, தியானின் என்ற அமினோ அமிலமும் இலையில் உண்டு. லேசான இனிப்பும், பருப்புத் தண்ணீர் ரசத்தில் இருப்பது போன்ற ஒரு நிறைவும் தருவது அதுதான். தியானின் குறைந்த சூட்டிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். மற்ற இரண்டும் சூடு ஏற ஏறத்தான் வேகமாக இறங்கும். அதனால் 70 முதல் 80 டிகிரி சூட்டில், இரண்டு நிமிடம் ஊறினால் நல்லதெல்லாம் முதலில் வந்துவிடும். தளதளவெனக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் விட்டால் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதித்த தண்ணீர் மூன்று பங்கு, சாதாரணத் தண்ணீர் ஒரு பங்கு. கலந்தால் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். (ஊட்டிவாசிகளுக்கு இயற்கையே ஒரு சலுகை தந்திருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.) போர்வெல் தண்ணீராக இருந்தால் வடிகட்டியதையே பயன்படுத்துங்கள். உப்புத் தண்ணீரில் எவ்வளவு உயர்ந்த இலையும் மங்கிவிடும், மேலே ஆடை போல ஒரு படலமும் கட்டும்.

ப்ளெயின்: பொரி, பாசிப்பருப்பு, கீரைத் தண்ணீர்

க்ரீன் டீயும் நம் கடை டீயும் ஒரே செடிதான், கமேலியா சைனென்சிஸ். பறித்த கொழுந்து வாடி, கசங்கி, காற்றுபட்டுக் கறுத்தால் பிளாக் டீ. கறுக்கவிடாமல் உடனே சூடு காட்டி நிறுத்திவிட்டால் க்ரீன் டீ. அந்தச் சூட்டை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் ருசியின் பாதி இருக்கிறது.

ஜப்பானியர்கள் ஆவி காட்டுவார்கள். அப்படி வருவதுதான் சென்சா. கண்ணைப் பறிக்கும் பச்சை. முதல் மடக்கில் அறுகம்புல், அடுத்து முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீர், கடைசியில் கடல் வாசனை மாதிரி ஏதோ ஒன்று. நம் ஊர் நாக்குக்கு இது சட்டென்று பிடிக்காது, பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதில் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டினால் கோபித்துக்கொள்ளும் என்பதால், ஆரம்பிப்பவர்கள் இங்கே தொடங்க வேண்டாம்.

தொடங்குவதற்குச் சரியானது சீன முறை. அங்கே வாணலியில் வறுக்கிறார்கள். ஹாங்சோ பகுதியின் லாங்ஜிங் அதில் பேர்பெற்றது. இலையைச் சூடான வாணலியில் கையால் அழுத்தி அழுத்தித் தட்டையாக்குவார்கள். பாசிப்பருப்பைப் பாயசத்துக்கு வறுக்கும்போது ஒரு வாசனை கிளம்புமே, கப்பில் அதுவேதான். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் ச்சிங்மிங் நாளுக்கு முன் பறித்த இளங்கொழுந்துக்கு விலை அதிகம். அதே பெயரில் மலிவாகவும் நிறைய விற்கிறது, பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டியதில்லை. சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருட்டிய கன்பவுடர் டீ இன்னொரு வகை. கொஞ்சம் முரட்டு ஆள், லேசான புகை வாசனை. தனியாகக் குடிப்பதைவிட புதினாவோடு சேர்ந்தால் அழகு. மொராக்கோவில் இதில்தான் புதினாவும் தாராளமாகச் சர்க்கரையும் போட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஊற்றுகிறார்கள்.

இந்த ரவுண்டில் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமாக வந்தது, எதிர்பார்க்காத ஒன்று: கென்மாய்ச்சா. க்ரீன் டீயோடு வறுத்த அரிசி கலந்த ஜப்பானிய வகை. தண்ணீர் ஊற்றியதும் கிளம்புவது அப்பட்டமான பொரி வாசனை. சரஸ்வதி பூஜை ஞாபகம் வந்தால் ஆச்சர்யமில்லை. இலையின் அளவு குறைவு என்பதால் காஃபீனும் குறைவு, கசப்பும் குறைவு. மாலையில் முறுக்கோடு வைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தம் இல்லை.

இந்தியாவுக்குள் வந்தால் இமாசலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் சீன வகைச் செடிகள் இருக்கின்றன. மென்மையான, அடக்கமான டீ. 1905-ம் ஆண்டு நிலநடுக்கத்தில் நொறுங்கிய பகுதி அது. நம் நீலகிரி இலை அப்படி அடக்கமானதல்ல. பூ வாசனையும், எலுமிச்சைத் தோல் போன்ற ஒரு துள்ளலும், கொஞ்சம் தூக்கலான துவர்ப்பும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிரில் செடி மெதுவாக வளரும்போது பறித்த கொழுந்தில் வாசனை இன்னும் கூடுதல். முழு இலையாகக் கிடைத்தால் 75 டிகிரி, ஒன்றரை நிமிடம், அவ்வளவுதான். தினசரிக்கு இதுவே போதும். குன்னூர், கோத்தகிரி பக்கம் டூர் போகிறவர்கள் சாக்லேட் டீ, மசாலா டீ என்று அள்ளி வராமல், ப்ளெயின் க்ரீன் டீ முழு இலை 100 கிராம் மட்டும் வாங்கி வரலாம்.

முழு இலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டீ பேக்கில் இருப்பது பெரும்பாலும் நொறுங்கிய இலையும் தூளும். அது சட்டென்று எல்லாவற்றையும் தண்ணீரில் கொட்டிவிடும். முழு இலை நிதானமாக இறங்கும், இரண்டாம் முறையும் தண்ணீர் ஊற்றலாம். சில இலைகள் மூன்றாவது முறையும் தாங்கும். கணக்கும் இதன் பக்கம்தான். பேக்குக்கு 1.4 கிராம் என்றால் 25 பேக் டப்பாவில் இருப்பது மொத்தம் 35 கிராம். 100 கிராம் முழு இலையில், கப்புக்கு 2 கிராம் வீதம் 50 கப். இரண்டாம் ஊற்றையும் சேர்த்தால் 100.

மருந்தாக நினைப்பவர்களுக்கு...

எடை குறையுமா? எடைக் குறைப்பு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வறிக்கை, குறைவது மிகச் சொற்பம், மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும் அளவில் இல்லை என்றுதான் சொன்னது. சர்க்கரையும் பாலும் போட்ட நாலு டீயை நிறுத்தியதால் குறைவது வேறு கதை. அந்தப் பெருமை நிறுத்திய சர்க்கரைக்குச் சேர வேண்டும்.

இதைவிட முக்கியமான விஷயம், வீட்டுப் பெண்களைப் பற்றியது. டீயின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பயறு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. மதியம் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு 'செரிமானத்துக்கு' என்று ஒரு கப் க்ரீன் டீ குடித்தால், கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் டீக்கும் இடையே கண்டிப்பாக இடைவெளி விட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். காலை பதினோரு மணி, மாலை நாலரை மணி... இரண்டும் நல்ல நேரம். வெறும் வயிறு வேண்டாம், சிலருக்குக் குமட்டும்.

'க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்' மாத்திரைகள் தனி ரகம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், சப்ளிமென்ட் வழியாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈ.ஜி.சி.ஜி எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரியலாம் என்று எச்சரித்தது. ஊறவைத்துக் குடிக்கும் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே சொன்னது. ஜிம்மில் யாராவது மாத்திரையை நீட்டினால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் டீயின் அளவையே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃப்ளேவர்: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் லெமன் - ஹனி, துளசி, இஞ்சி, புதினா என்று வண்ணம் வண்ணமாக நிற்கும். முன்பக்கம் பார்க்காதீர்கள், திருப்புங்கள். சின்ன எழுத்தில் 'இயற்கையை ஒத்த வாசனைப் பொருள்' என்ற வரி இருந்தால், டப்பாவின் மேல் சொட்டுகிற தேன் உள்ளே இல்லாமலும் போகலாம். இது சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், கெடுதல் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வாசனையைக் கொடுக்கிற எசென்ஸ், இலை பழசாக இருந்தாலும் மூடி மறைத்துவிடும். லெமன் - ஹனி வகைகள் பலவற்றில் முதல் வாய் மிட்டாய், இரண்டாம் வாய் வெறும் கசப்பு. ப்ளெயின் டீயில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, ஆறியதும் கால் ஸ்பூன் தேன் விட்டால் போதும், அந்த டப்பாவே தேவையில்லை.

துளசி பரவாயில்லை, அசல் இலை இருந்தால் கிராம்பு மாதிரி ஒரு காரம் தெரியும். ஆனால் அதில் டீயின் குரல் கேட்காது, துளசிதான் பேசும். இஞ்சியும் அப்படியே. சங்குப்பூ 'டீ' பார்க்க நீலமாக, எலுமிச்சை விட்டால் ஊதாவாக மாறி, குழந்தைகளைக் குதிக்க வைக்கும். அதில் டீ இலையே கிடையாது, ருசியும் கிட்டத்தட்ட கிடையாது. காஷ்மீர் காவா மட்டும் விதிவிலக்கு. ஏலக்காய், பட்டை, குங்குமப்பூவோடு கொதிக்க வைத்து, மேலே சீவிய பாதாம் தூவுவார்கள். மசாலாவும் டீயும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்கிற பானம். விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மல்லிகை, அது நம்ம ஊர் மல்லிதான்!

ஃப்ளேவர் என்ற சொல்லுக்கே மரியாதை சேர்ப்பது ஜாஸ்மின் டீ. சீனாவின் ஃபூசோ நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே பயன்படும் பூவின் தாவரவியல் பெயர் ஜாஸ்மினம் சம்பக். நம் குண்டுமல்லி! 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் அதே இனம்தான்.

மத்தியானம் மொக்காக வாங்கிக் கட்டிய சரம், ராத்திரி ஏழு, எட்டு மணிக்குத் தலையில் மலர்ந்து வீட்டையே தூக்குவது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜாஸ்மின் டீயின் சூட்சுமமும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. பகலில் பறித்த மொக்குகளை, அவை மலரத் தொடங்கும் இரவு நேரத்தில் காய்ந்த க்ரீன் டீ இலையோடு கலந்து குவித்துவிடுவார்கள். டீ இலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். (டீ டப்பாவை அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.) காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்து, இலையை உலர்த்தி, புதுப் பூவோடு மறுபடியும் கலப்பார்கள். உயர்ந்த ரகத்துக்கு இப்படிப் பல இரவுகள்.

ஆக, பாக்கெட்டில் காய்ந்த பூ நிறையத் தெரிந்தால் அசல் என்று நினைக்க வேண்டாம். நல்ல டீயில் பூவைப் பொறுக்கி எடுத்திருப்பார்கள். எசென்ஸ் தெளித்ததைக் கண்டுபிடிக்க இரண்டாம் ஊற்று உதவும். டப்பாவைத் திறந்ததும் ஊதுபத்திபோல முகத்தில் அடித்து, இரண்டாவது கப்பில் காணாமல் போனால் எசென்ஸ். அசல், இரண்டாவது கப்பிலும் மெல்லிசாக இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா? முடியும், ஒரே நிபந்தனை: பூ உங்கள் வீட்டுத் தொட்டியில் பூத்ததாக இருக்க வேண்டும். கடைப் பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள், அது குடிப்பதற்கு வளர்த்ததல்ல. சாயங்காலம் பறித்த மொக்கு ஒரு கைப்பிடி, ப்ளெயின் முழு இலை நாலு ஸ்பூன், ஈரமில்லாத எவர்சில்வர் டப்பா. கலந்து மூடிவிடுங்கள். காலையில் பூவை எடுத்துவிட்டு, முதல் கப்பை 75 டிகிரியில் போடுங்கள். பூவின் ஈரம் ஏறிய இலை பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், மிச்சத்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.