மலிவுப் பொதியும் கடைக் கொப்பியும்

கற்பிட்டிப் பாதையில் ஒரு பின்னேரம் நாம் கண்ட காட்சியொன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். தோட்டத்து வாசலில் லொறி நிற்கிறது. பச்சை மிளகாய் மூட்டைகள் ஏறுகின்றன. கணவர் வியாபாரியோடு நிறுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அதே நேரம் மனைவி முன்கடையிலிருந்து வருகிறார். அவர் கையில் கால் இறாத்தல் பருப்பு, சிறிய சவர்க்காரம் ஒன்று, 50 கிராம் மிளகாய்த்தூள் பொதி ஒன்று. நாம் சிரித்துக்கொண்டு, “மிளகாய் போகுது, மிளகாய் வருகுது” என்றோம். அவரும் சிரித்தார். “போறது மூட்டைக் கணக்கு, வாறது சரைக் கணக்கு, பாதர்” என்றார்.

இந்த ஒரு வசனத்துக்குள் எம் மக்களின் சாப்பாட்டுச் செலவுக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்கவே இவ்விதழில் எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வருடம் செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக ஏறியது. முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அதன் பொருள். பின்னர் பணவீக்கம் குறைந்தது என்று வானொலி சொன்னபோது, “எங்கே குறைந்தது? எங்கள் கடையில் குறையவில்லையே” என்று எம்மிடம் கேட்டவர்கள் பலர். கேள்வி நியாயமானது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை இறங்கிற்று என்று பொருளல்ல, விலை ஏறும் வேகம் குறைந்தது என்றே பொருள். மாடியில் ஏறியவன் ஓடாமல் நடக்கத் தொடங்கினான், அவ்வளவுதான். கீழே இறங்கி வரவில்லை.

இந்த நிலையில் நகரத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் குடும்பப் பெண்களுக்கு ஓர் ஆலோசனை சொல்கின்றன. பெயர்பெற்ற கம்பனிப் பொருட்களை விட்டுவிட்டு, சுப்பர் மார்க்கட்டுகள் தம் சொந்தப் பெயரில் பொதிசெய்து விற்கும் மலிவான பொருட்களை வாங்குங்கள் என்பதே அது. இந்த ஆலோசனை எங்கள் மக்களுக்குப் பொருந்துமா? பாதி பொருந்தும். மற்றப் பாதியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

பொருந்தும் பாதியை முதலில் பார்ப்போம். பெயரில்லாப் பொருளை விற்கும் யோசனை புதியதல்ல. 1976இல் பிரான்சு நாட்டின் கார்ஃபூர் நிறுவனம் வெள்ளைப் பொதியில், கம்பனிப் பெயர் எதுவுமின்றி, 50 வகைச் சாமான்களை விற்கத் தொடங்கியது. விளம்பரச் செலவு இல்லை, வர்ணப் பொதி இல்லை, ஆகவே விலை குறைவு. மக்கள் வாங்கினார்கள். பின்னர் மற்ற நாடுகளுக்கும் அது பரவியது. இலங்கையிலும் பெரிய சங்கிலிக் கடைகள் அரிசி, பருப்பு, சரக்குத்தூள், சவர்க்காரம் முதலியவற்றைத் தங்கள் பெயரில் விற்கின்றன.

மைசூர் பருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் போட்ட பொதியில் இருந்தாலும் அந்தப் பருப்பு நம் நாட்டில் விளைந்ததல்ல. அவுஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ மூட்டையாகக் கப்பலில் வந்து, இங்கே பொதிசெய்யப்படுவது. சீனியிலும் பெரும்பகுதி அப்படித்தான். இவற்றில் கம்பனிப் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, விளம்பரத்தில் சிரிக்கும் நடிகைக்குப் போகிறது. எனவே பருப்பு, சீனி, கோதுமை மா, சலவைச் சவர்க்காரம் ஆகியவற்றில் மலிவான பெயரைத் தயங்காமல் வாங்கலாம். “வருகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்” என்று சில சகோதரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 1990 ஒக்டோபரில் உடுத்த உடையோடு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, முகாமில் ஒரே கிடாரத்தில் சமைத்த சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்ட மக்கள் நாம். பொதியில் உள்ள பெயருக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் சேமிக்கக் கூடாத இடங்களும் உண்டு. அயடீன் சேர்க்காத உப்பை, மலிவென்று உப்பளத்திலிருந்து சாக்கில் எடுத்து வருபவர்கள் புத்தளம், பாலாவிப் பக்கத்தில் இருக்கிறார்கள். மீன் கருவாடு போடுவதற்கு அது போதும். சமையலுக்கு வேண்டாம். சாப்பாட்டு உப்பில் அயடீன் இருக்கவேண்டும் என்று இந்நாட்டில் 1995இல் விதி வந்தது காரணமில்லாமல் அல்ல. கழுத்துக் கழலை மட்டுமல்ல, வயிற்றில் உள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சியும் அதில் தங்கியிருக்கிறது. தேங்காயெண்ணெயும் அப்படியே. தென்னை விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத எண்ணெயைச் சில்லறையாக வாங்குகிறோம். 2021 மார்ச் மாதத்தில் இறக்குமதி எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற நச்சு கண்டுபிடிக்கப்பட்டது நினைவிருக்கும். பால்மாவில் மலிவானதை எடுக்கும்போது சிறிய எழுத்தை வாசியுங்கள். சிலவற்றில் பாற்கொழுப்புக்குப் பதிலாக மரக்கறிக் கொழுப்பு இருக்கும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை விட மலிவான பால் எந்தக் கடையிலும் இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் 1973 முதல் அரசு கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷாவைக் கேட்டு வாங்க வெட்கப்படாதீர்கள். அது பிச்சையல்ல.

இனி மற்றப் பாதி.

சுப்பர் மார்க்கட் ஆலோசனை எழுதியவர்கள் மூன்று விடயங்களை நிச்சயமென்று எடுத்துக்கொள்கிறார்கள்: கையில் மாதச் சம்பளம் இருக்கிறது, கடை பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் ஒரு மாதச் சாமானை எலி தின்னாமல் வைக்க இடம் இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இந்த மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. கூலி நாளாந்தம் வருகிறது, ஆகவே சாமானும் நாளாந்தம் வாங்கப்படுகிறது. ஏழை சிறிதாக வாங்குகிறான், சிறிதாக வாங்குவதால் அதிகம் கொடுக்கிறான்.

ஒரு கணக்குப் போடுவோம். விலை வாரத்துக்கு வாரம் மாறும், எனவே இவற்றை உதாரண எண்களாகவே கொள்ளுங்கள். 50 கிராம் மிளகாய்த்தூள் 90 ரூபா என்றால் ஒரு கிலோ 1,800 ரூபா. அதே தூள் 500 கிராம் பொதியில் 750 ரூபா என்றால் ஒரு கிலோ 1,500 ரூபா. மாதம் ஒரு கிலோ செலவாகும் வீட்டில் வித்தியாசம் மாதத்துக்கு 300 ரூபா, வருடத்துக்கு 3,600 ரூபா. மிளகாய்த்தூளில் மட்டும் இவ்வளவு. ஆனால் அந்தப் பெரிய பொதிக்காகப் புத்தளத்துக்குப் போய்வர பஸ்ஸுக்கு 240 ரூபா போனால் மிஞ்சுவது 60 ரூபாதான். போனவர் வெயிலுக்கு ஒரு சோடா குடித்தால் அதுவும் இல்லை. ஐந்து வீட்டார் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் நிலைமை வேறு. மிச்சம் 1,500, பஸ்ஸுக்கு 240, மீதி 1,260. ஆளுக்கு 252 ரூபா.

கொப்பிக் கணக்கு இதைவிடப் பெரிது. காசுக்கு 250 ரூபாவான சாமான், கொப்பியில் எழுதினால் 270 ஆகிறது என்று வையுங்கள். மாத முடிவில் கொடுக்கிறீர்கள். 250க்கு 20 ரூபா என்பது நூற்றுக்கு எட்டு. மாதம் எட்டு என்றால் வருடத்துக்கு நூற்றுக்கு 96. நகையை அடகு வைக்கும்போது வட்டியைக் கேட்டு முகம் சுளிக்கும் நாம், கொப்பியில் கொடுக்கும் வட்டியை வட்டியென்றே எண்ணுவதில்லை. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: கொப்பி இருக்கும் கடையை விட்டு வேறு கடைக்குப் போக முடியாது. எந்த மலிவுப் பொதி எங்கே விற்றாலும் எமக்குப் பயனில்லை.

இதைச் சொல்லும்போது முன்கடைக்காரரைத் திட்டுவதாக எவரும் நினைக்க வேண்டாம். பெற்றோல் வரிசையும் எரிவாயு வரிசையுமாக இருந்த 2022இல் எங்கள் ஊர்களில் அடுப்பெரிந்தது பல இடங்களில் அந்தக் கொப்பியால்தான். எந்தச் சுப்பர் மார்க்கட்டும் “நாளைக்குத் தாருங்கள்” என்று சொல்லாது. முன்கடைக்காரருக்கும் கடன் இருக்கிறது. அவர் பாவங்களை அவர் கணக்கில் விட்டுவிடுவோம். நிறுவை பற்றி மட்டும் ஒரு சொல். அளவைச் சிறிதாக்கி விற்பவர்களை ஆமோஸ் இறைவாக்கினர் கண்டித்தார். அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்கவே குர்ஆனில் தனியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. கோவிலுக்குப் போகும் வியாபாரியும் பள்ளிக்குப் போகும் வியாபாரியும் இதை அறிவார்கள். பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் எவர் கேட்டாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அதற்காகத்தான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

1844ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் ஏழை நெசவாளர்கள் சிலர் ஒரு சிறிய கடை திறந்தார்கள். மா, ஓட்ஸ் மா, வெண்ணெய், சீனி, மெழுகுதிரி, இவ்வளவுதான் இருந்தன. அவர்கள் ஊரில் மாவில் கலப்படம், நிறுவையில் களவு, எல்லாரும் கடனில். அவர்கள் வைத்த விதிகளில் இரண்டு எமக்கு முக்கியம். ஒன்று, கலப்படமற்ற சாமான், சரியான நிறை. மற்றது, காசுக்கு மட்டும், கடன் இல்லை. இலாபத்தை வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தவருக்கே பிரித்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அங்கிருந்து வளர்ந்தது. அதே 1844இல்தான் காகில்ஸ் வியாபாரத்தைத் தொடங்கினார்கள் என்பது ஒரு வேடிக்கை. 1983இல் அந்த நிறுவனமே முதலாவது ஃபூட் சிற்றியைத் திறந்தது. எங்கள் கூட்டுறவுக் கடைகளோ பங்கீட்டுக் காலத்தோடும் நிவாரணக் காலத்தோடும் களைத்துப்போயின. முகாம் நாட்களில் உலர் உணவு வாங்க அட்டையோடு வரிசையில் நின்ற இடமாகவே எம்மவர் கூட்டுறவுச் சங்கத்தை நினைக்கிறார்கள். அது தங்களுக்குச் சொந்தமான கடை என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

நாமும் ஒரு முறை முயன்று தோற்றோம். சில வருடங்களுக்கு முன் மாதர் குழுவொன்றோடு சேர்ந்து மொத்தமாகச் சாமான் எடுத்து விற்கத் தொடங்கினோம். மூன்றாம் மாதமே கடன் கொடுக்கத் தொடங்கினோம், ஏனெனில் கேட்டவர்கள் அழுதார்கள், குருவானவருக்கு மனம் கேட்கவில்லை. எட்டாம் மாதம் பெட்டியில் காசில்லை, கொப்பி மட்டும் இருந்தது. கடன் எடுத்த சிலர் வெட்கத்தால் பூசைக்கும் வராமல் விட்டார்கள். அந்தத் தவறு எம்முடையது. மனம் கேட்காத ஆள் காசுப் பெட்டியை வைத்திருக்கக் கூடாது.

ஆகவே இப்போது கடை வேண்டாம் என்கிறோம். ஐந்து அல்லது ஆறு வீடுகள் போதும். இடம்பெயர்ந்து வந்தவரும் ஊரவரும் கலந்திருந்தால் நல்லது. வாரம் ஒரு தொகை சேர்த்து, மாதம் ஒரு தரம் நான்கே நான்கு சாமான் வாங்குங்கள்: அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம். சதொசவோ சுப்பர் மார்க்கட்டோ மொத்தக் கடையோ, கிலோவுக்கு எங்கே குறைவோ அங்கே. பொதியின் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். பொதி அதே அளவாகத் தெரிந்தாலும் உள்ளே 400 கிராம் 360 ஆகியிருக்கலாம். கொப்பியை ஒரேயடியாக விட முடியாது. முதலில் ஒரு சாமானை மட்டும் கொப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். சீனியில் தொடங்குவது இலகு.

மிளகாய்த்தூளை நாம் வாங்கவே தேவையில்லை. நாட்டில் விற்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. எங்கள் மணலில் விளைந்த மிளகாயோ விலை விழும் நாட்களில் செடியிலேயே பழுத்து வீணாகிறது. அந்தப் பழத்தைப் பறித்து, மணலில் போடாமல் சுத்தமான பாயில் காயவைத்து, உடைத்தால் நொறுங்கும்வரை உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில்தான் முன்னே சொன்ன நச்சு வரும். மில்லில் கொத்தமல்லியோடு சேர்த்து அரைத்தால் குழுவிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஆகும். கடைத் தூளில் சந்தேகமிருந்தால் ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். செங்கல் தூள் அடியில் மண்டும், சாயம் கோடாக இறங்கும்.

முசலியில் வயலும் புத்தளத்தில் வீடுமாக இரண்டிடத்திலும் அடுப்பு மூட்டும் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. அங்கே அறுவடையான நெல்லை முழுவதும் களத்திலேயே விற்றுவிட்டு, இங்கே வந்து கிலோ கிலோவாக அரிசி வாங்காதீர்கள். வருடச் சாப்பாட்டுக்குரிய மூட்டைகளை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்கலாம். கடன்காரர் களத்திலேயே நிற்கிறார் என்பது எமக்குத் தெரியும். அவரோடு பேசும்போது இரண்டு மூட்டைக்காவது போராடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு மாதத்தில் உங்கள் வீட்டில் பிரித்த வெற்றுப் பொதிகளை எறியாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். கொப்பியையும் கொண்டுவாருங்கள். கடைக்காரரின் பெயரை மூடிக்கொண்டால் போதும். பாடசாலைக்குப் போகும் பிள்ளையொன்றைக் கணக்குப் போடக் கூட்டி வாருங்கள்.